இறந்தகாலத்தில் ஒரு வாழ்த்துரை

ஜூன் 4, ஞாயிறு

பணி ஓய்வுக்குப் பிறகு வரும் முதல் ஞாயிறு. ஆராதனையில் பாஸ்டர் மன்னிப்பைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். எந்த மின்விசிறி அந்தக் கிறீச் சத்தம் போடுகிறது என்று நான் தேடிக்கொண்டிருந்தேன். பாடகர் குழுவுக்கு மேலே தொங்குவதுதான்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் இசக்கியப்பன். என் பழைய மாணவன். இப்போது சமாதானபுரத்தில் சின்னதாக ஒரு பதிப்பகம் நடத்துகிறான். கையில் ஒரு கிலோ அல்வா. அல்வாவோடு வருகிறவன் சும்மா வருவதில்லை.

"மேடம், கொழுந்து ஐயாவுக்கு எழுபத்தஞ்சு. பவளவிழா எடுக்கோம். மலர் ஒண்ணு போடுதோம். ஐயா கவிதைகள முழுசா வச்சு ஒரு கட்டுரை நீங்க எழுதணும். அதையே மேடையில வாழ்த்துரையா வாசிச்சிரணும்."

"அவரா என்னைக் கேக்கச் சொன்னாரு?"

"அவங்க வீட்டம்மா சொன்னாங்க மேடம். எமிலிட்டயே கேளுன்னாங்க."

எழுதுகிறேன் என்றேன். கெஞ்சுவதற்குத் தயாராக வந்த பிள்ளை, அடுத்து என்ன பேசுவதென்று தெரியாமல் முழித்தான்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் கேட்டார். "அந்த ஆளுக்கா? நீயா?"

"ஆமா. நான்தான்."

இவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு அல்வாவைப் பிரித்தார்.

ஜூன் 5, திங்கள்

தண்ணீர்த் தொட்டியின் மிதவை போய்விட்டது. பிளம்பர் நாளை வருவதாகச் சொன்னார். நாளை என்றால் வியாழன்.

பீரோவின் அடித்தட்டிலிருந்து அந்தப் பத்திரிகையை எடுத்தேன். ஒவ்வொரு வரியும் மனப்பாடம், ஆனாலும் எடுத்தேன். இருபத்தொன்பது வயதில் நான் ஒரு கவிதைத் தொகுப்பு போட்டேன். அது ஒன்றுதான் போட்டேன். எங்கள் கல்லூரித் தமிழ்த்துறைத் தலைவர் கவிஞர் திருமலைக்கொழுந்து அதற்கு மதிப்புரை எழுதினார். ஊரே கொண்டாடும் கவிஞர், என் புத்தகத்துக்கு! அந்த இதழ் வந்த அன்று கடைசி மணி அடிக்கும்வரை பொறுக்காமல் வராந்தாவிலேயே பிரித்தேன்.

"எமிலி எழுதினார். ஆற்றைப் பார்த்தார். ஆற்றைப் பற்றிச் சொல்ல முயன்றார். அவரிடம் சொற்கள் இருந்தன." ஒன்றரைப் பக்கம் முழுவதும் இப்படியே. முயன்றார், நினைத்தார், இருந்தது, தெரிந்தது. திட்டுகிற வார்த்தை ஒன்றுகூட இல்லை. யாரிடமாவது காட்டி "பாருங்கள், என்னைத் திட்டியிருக்கிறார்" என்று சொல்லக்கூட வழியில்லை. அதே இதழில், செத்து முப்பது வருடமான ஒருவரைப் பற்றியும் அவர் எழுதியிருந்தார். அந்தச் செத்தவர் மட்டும் பாடுகிறார், காண்கிறார், வியக்கிறார்.

மறுநாள் ஆசிரியர் அறையில் எல்லார் முன்னாலும் கேட்டேன். "சார், என் கவிதையைப் பத்தி மட்டும் ஏன் இறந்தகாலத்துல எழுதியிருக்கீங்க?"

அவர் டீயை உறிஞ்சிவிட்டுச் சிரித்தார். "உயிரோட இருக்கதுக்குத்தானம்மா நிகழ்காலம்."

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

ஜூன் 8, வியாழன்

பிளம்பர் வந்தார். சொன்னேன் அல்லவா.

தொட்டிக்குள் அவர் தட்டிக்கொண்டிருக்கும்போது எனக்கு முடிவு வந்துவிட்டது. கட்டுரையில் ஒரு குறைகூடச் சொல்லப் போவதில்லை. பாராட்டப் போகிறேன், வாய் நிறையப் பாராட்டப் போகிறேன். ஆனால் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை இறந்தகாலம். மாலையும் பொன்னாடையுமாக மேடையில் உட்கார்ந்து, தன் காதாலேயே தன் இரங்கலுரையை அவர் கேட்கட்டும். சபையில் பாதிப் பேருக்குப் புரியாது. அவருக்குப் புரியும். அது போதும்.

இத்தனை வருடம் வகுப்பில் நான் என்ன சொல்லிக்கொடுத்தேன்? "கவிஞர் செத்திருக்கலாம், கவிதை சாகாது. கூறினார் என்று எழுதாதே, கூறுகிறார் என்று எழுது." கூறினார் என்று எழுதியவர்களுக்கு அரை மதிப்பெண் குறைத்தேன். அந்த அரை மதிப்பெண்களையெல்லாம் சேர்த்து இப்போது நான் செலவு செய்யப் போகிறேன்.

பல வருடத்துக்குப் பிறகு மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.

ஜூன் 12, திங்கள்

பெருமாள்புரத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். கட்டுரைக்கு அவரிடம் நாலு வார்த்தை கேட்டதாக இருக்கட்டும் என்று. உண்மையில் முகத்தைப் பார்க்கத்தான் போனேன்.

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. ஆள் அப்படியே இருக்கிறார். எழுந்துகூட நிற்கவில்லை.

"வாங்க வாங்க. எந்த ஊரு?" என்றார்.

பத்தொன்பது வருடம் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து எந்த ஊரு! பல்லைக் கடித்துக்கொண்டு, "நாசரேத், சார்" என்றேன்.

"நாசரேத்தா? நல்ல ஊருல்லா."

அவர் மனைவி பிரமு அக்கா அவசரமாக உள்ளே புகுந்தார்கள். "எமிலி வந்திருக்காங்க. காலேஜ்ல உங்ககூட இருந்தாங்கல்லா."

"ஆமா ஆமா. நல்லாருக்கீங்களா?"

உங்கள் கவிதைகளில் உங்களுக்கு நெருக்கமானது எது என்று கேட்டேன். அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா, "எல்லாமே அவுகளுக்குப் பிடிச்சதுதான்" என்றார்கள். பதில் சொல்வதற்குக்கூட ஆள் வைத்திருக்கிறார். பெரிய கவிஞர் அல்லவா!

முழுத் தொகுப்பில் கையெழுத்து கேட்டேன். அக்கா புத்தகத்தை அவர் மடியில் பிடித்துக்கொண்டார்கள். அவர் ஒரு கோடு இழுத்தார். என் பெயரைக்கூட எழுதவில்லை. வெறும் கோடு. கிளம்பும்போது மறுபடியும், "நமக்கு எந்த ஊரு?" என்கிறார். கிண்டல் செய்கிறார். எழுபத்தைந்து வயதிலும் அந்தக் குசும்பு போகவில்லை.

அக்கா வாசல்வரை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "நல்லபடியா எழுதுங்க எமிலி. மத்தவங்கல்லாம் அவுகளப் பத்தி எழுதுவாங்க. கவிதையப் பத்தி எழுத நீங்கதான் இருக்கிய." அவர்கள்மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. பாவம், நல்ல மனுஷி.

ஜூன் 15, வியாழன்

எழுத ஆரம்பித்தேன். "திருமலைக்கொழுந்து நம்மிடையே ஒரு பெருங்கவிஞராக இருந்தார்." என்ன சுகம்!

ஜூன் 18, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு எழுதினேன்.

ஜூன் 19, திங்கள்

ஒரு தொல்லை. படித்துறைச் செருப்பைப் பற்றி அவருக்கு ஒரு கவிதை உண்டு.

படித்துறையில் ஒரு ஜோடிச் செருப்பு
காத்திருக்கிறது.
குளிக்கப் போனவருக்கு
இன்னும் நேரம் இருக்கிறது.

அவ்வளவுதான் கவிதை. இதைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். "செருப்பு அவருக்காகக் காத்திருந்தது" என்று எழுதினால் கதையே முடிந்துவிடுகிறது. ஆள் செத்துவிட்டான், செருப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். காத்திருக்கிறது என்பதில்தான் உயிர். கரையில் நிற்கிற நாமும் அந்தச் செருப்போடு சேர்ந்து நிற்கிறோம், ஆள் வந்துவிடுவான் என்று. இதை இறந்தகாலத்தில் எழுதினால் கவிதையைக் கொன்றதாகிவிடும். அவரைக் கொல்லலாம், அதைக் கொல்ல எனக்கு மனசு வரவில்லை.

விட்டுவிட்டேன். கட்டுரையில் அந்தக் கவிதை வேண்டாம். மற்றதெல்லாம் இருக்கிறதே.

காலையில் நாலைந்து தடவை அதைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். சரிபார்ப்பதற்காகத்தான். இவர் அடுப்படியிலிருந்து, "என்ன, ஜெபமா?" என்றார்.

ஜூன் 24, சனி

முடித்தேன். பதினோரு பக்கம். இசக்கியப்பன் வந்து வாங்கிக்கொண்டு போனான்.

இவர் படித்தார். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி, "நல்லாதான் இருக்கு. ஆளு செத்தாச்சா?" என்றார். மின்வாரியத்தில் முப்பது வருடம் மீட்டர் பார்த்த மனிதருக்கே புரிகிறது. அப்படியானால் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்.

ஜூலை 1, சனி

இசக்கியப்பன் அச்சான மலரைக் கொண்டுவந்து நீட்டினான். அட்டையில் கவிஞர் படம், பக்கத்தில் ஆறு. என் கட்டுரையைப் பிரித்தேன்.

"திருமலைக்கொழுந்து நம்மிடையே ஒரு பெருங்கவிஞராக இருக்கிறார். மழையைப் பாடுகிறார். மண்ணைக் காண்கிறார்."

"யாருடா இதைத் தொட்டது?"

"நான்தான் மேடம்." அவன் முகத்தில் அப்படி ஒரு பெருமை. "நீங்க அவசரத்துல எழுதியிருக்கீங்கன்னு தெரிஞ்சுச்சு. ராத்திரி பகலா உக்காந்து ஒவ்வொரு வினையா மாத்தினேன். கவிஞர் செத்தாலும் கவிதை சாகாது, கூறுகிறார்னுதான் எழுதணும்னு நீங்கதான மேடம் சொன்னீங்க? எனக்கு மாடல் எக்ஸாம்ல அரை மார்க் குறைச்சது ஞாபகம் இருக்கா?"

நான் கொடுத்த பாடம் என் மடியிலேயே வந்து விழுந்திருக்கிறது. திரும்ப அச்சடிக்க முடியுமா என்று கேட்டதற்கு, ஐந்நூறு பிரதியும் பைண்டிங் முடிந்துவிட்டது என்றான்.

போகட்டும். புத்தகம்தான் போனது. மேடையில் நான் வாசிக்கப் போவது என் கைப்பிரதியை.

ஜூலை 2, ஞாயிறு

டவுனில் ஆனித் தேர். பஸ் எல்லாம் சுற்றிப் போகிறது. அழைப்பிதழ் கொடுக்க இசக்கியப்பன் நடந்தே வந்தான். வரவேற்புரை, மலர் வெளியீடு, வாழ்த்துரை: நான். ஏற்புரை: திருமதி பிரம்மநாயகி திருமலைக்கொழுந்து.

ஏற்புரையை மனைவி சொல்வாராம். தனக்கு எடுக்கும் விழாவுக்கு ஒரு நன்றி சொல்லக்கூட அந்த மனிதருக்கு நாக்கு வளையவில்லை. பாவம் பிரமு அக்கா, ஆயுசில் மைக்கைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

ஜூலை 14, வெள்ளி

மெரூன் பட்டுப்புடவைக்கு இஸ்திரி போட்டேன். கைப்பிரதியை மூன்று தடவை வாசித்துப் பழகினேன். "இருந்தார்" என்ற இடங்களில் சின்னதாக நிறுத்த வேண்டும். அவர் முகத்தைப் பார்த்து நிறுத்த வேண்டும்.

ஜூலை 15, சனி

எழுதப் பிடிக்கவில்லை.

ஜூலை 16, ஞாயிறு

எழுதித்தான் ஆக வேண்டும்.

நேற்று மண்டபம் நிறைய ஆள். அவர் நடுநாற்காலியில் இருந்தார். ரோஜா மாலை தோளை உறுத்துகிறதென்று அடிக்கடி கழற்றப் பார்த்தார். பக்கத்தில் அக்கா ஒவ்வொரு தடவையும் அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்தார்கள். அவர்கள் முன்னால் இருந்த குட்டி மைக்கை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை.

நான் எழுந்தேன். "திருமலைக்கொழுந்து நம்மிடையே ஒரு பெருங்கவிஞராக இருந்தார்." நிறுத்தினேன். அவர் முகத்தைப் பார்த்தேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், கவனமாக, பாடம் கேட்கிற பிள்ளை மாதிரி. "மழையைப் பாடினார். மழைக்கு ஒதுங்கியவர்களைப் பாடினார். அவரிடம் சொற்கள் இருந்தன." அவருடைய வாக்கியத்தையே அவர்மேல் எறிந்தேன். முதல் வரிசையில் இரண்டு பேராசிரியர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இசக்கியப்பன் மலரைப் புரட்டி, வரி எங்கே என்று விரலால் தேடினான். எனக்குள் ஏறிய சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. இத்தனை வருடம் இதற்காகத்தான் மூச்சு விட்டேன் போல இருந்தது.

நான்காவது பக்கத்தில் அவர் அக்கா பக்கம் சாய்ந்தார். ரகசியமாகத்தான் கேட்டார். மைக் அதை மண்டபம் முழுக்கக் கொண்டுபோனது.

"பிரமு, இந்த மனுசன் எப்பம் செத்தாரு?"

யாரோ சிரித்தார்கள். ஜோக் என்று நினைத்திருப்பார்கள். நானும் ஒரு கணம் அப்படித்தான் நினைத்தேன், திருப்பி அடிக்கிறார் என்று. பிறகு அவர் கண்ணைப் பார்த்தேன். அதில் தண்ணீர் நின்றது.

"அடடா. எவ்வளவு நல்லா எழுதியிருக்காரு. இருக்கும்போதே இத யாராவது அவருட்ட சொல்லியிருக்கலாம்லா?"

சிரிப்பு நின்றுவிட்டது. அக்கா அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். எந்த ஊரு. நமக்கு எந்த ஊரு. கோடு மட்டும் போட்ட கையெழுத்து. எல்லாம் எனக்கு அங்கே, அந்த மைக் முன்னால் நின்றுகொண்டுதான் விளங்கியது. அந்த வீடு எவ்வளவு காலமாக இந்த மறதியை மூடி வைத்திருந்ததோ, நான் ஊரைக் கூட்டித் திறந்துவிட்டேன்.

மிச்சப் பக்கங்களையும் வாசித்துவிட்டு இறங்கினேன்.

வெளியே செருப்பு போடும்போது இசக்கியப்பன் வந்தான். "மேடம், பின்பாதியில மலர்ல இருக்க மாதிரியே வாசிச்சீங்க. இருக்கிறார், பாடுகிறார்னு. அந்தப் படித்துறைச் செருப்புக் கவிதையையும் சொன்னீங்க. அது கட்டுரையிலயே இல்லையே?"

இல்லை, கையில் இருந்ததைத்தான் வாசித்தேன் என்றேன்.

ஜூலை 17, திங்கள்

இவரிடம் எரிந்து விழுந்தேன். குழம்பில் உப்பு இல்லையாம். இருந்தது.

மனசு ஆறவில்லை. பரிதாபப்படுவதா, கோபப்படுவதா? பரிதாபம்தான் பட வேண்டும், தெரிகிறது. வருவதென்னவோ கோபம்தான். கடன்காரன் ஊரைவிட்டு ஓடிப்போனதைப் போல இருக்கிறது. நான் அடித்தது அவர்மேல் படவே இல்லை. தப்பித்துவிட்டார். என்னை எழுதவிடாமல் செய்துவிட்டு, அதையும் மறந்துவிட்டு, திருநீறு பூசி நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறார். எனக்கு மட்டும் ஒரு வரிகூட மறக்கவில்லை.

ஜூலை 19, புதன்

பிரமு அக்கா போன் செய்தார்கள். நான் முந்திக்கொண்டு மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன்.

"அய்ய, அதெல்லாம் ஒண்ணும் இல்ல எமிலி. நாலு வருசமா வாறவங்க எல்லாரும் அவுக இருக்காரு, எழுதுதாருன்னே சொல்லிக்கிட்டு இருந்தாங்க. நானும் ஆமா ஆமான்னு தலைய ஆட்டுவேன். பொழுதுக்கும் அவுக பக்கத்துல இருக்கவளுக்குத் தெரியாதா? நீங்க ஒருத்திதான் உள்ளதச் சொன்னிய. அன்னைக்கு வீட்டுக்கு வந்துதான் நான் அழுதேன். நல்லா அழுதேன்."

அவருக்கென்று ஓங்கியது அந்த மனுஷிக்கு ஆறுதலாகப் போய் விழுந்திருக்கிறது.

"அவுக தினமும் கேக்காவ, அந்தக் கவிஞரப் பத்திப் படிச்ச பிள்ள எங்கன்னு. சனிக்கிழமை வாங்களேன். கொஞ்ச நேரம் எதையாவது வாசிச்சுக் காட்டுங்க."

வருகிறேன் என்றேன்.

ஜூலை 21, வெள்ளி

கைப்பையில் அந்தப் பழைய பத்திரிகையை வைத்திருக்கிறேன். நாளை இதைத்தான் வாசித்துக் காட்டப் போகிறேன். அவர் எழுதியதை அவரே கேட்கட்டும். அவருக்குத் தெரியாவிட்டால் என்ன, எனக்குத் தெரியும்.

ஜூலை 22, சனி

என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். எந்த ஊரு என்றார். நாசரேத் என்றேன். நல்ல ஊரு என்றார்.

பத்திரிகையைப் பிரித்து வாசித்தேன். நிதானமாக, ஒரு சொல்லையும் விடாமல். எமிலி எழுதினார், ஆற்றைப் பார்த்தார், சொல்ல முயன்றார். பாதியிலேயே அவர் நாற்காலியில் நெளிய ஆரம்பித்தார். முடிந்ததும் கையை வீசினார்.

"யாரு இத எழுதினது?"

"ஒரு பெரிய கவிஞர் சார்."

"என்ன பெரிய கவிஞன்? பயந்தாங்கொள்ளிப் பய. அந்தப் பிள்ளையப் பாத்துப் பயந்திருக்கான். நல்லா எழுதியிருக்கும் போல. இல்லன்னா வேல மெனக்கெட்டு இப்படிக் குழி தோண்டுவானா?"

வென்றுவிட்டேன். அவர் வாயாலேயே, அவர் வீட்டிலேயே. உடம்பெல்லாம் குளிர்ந்தது. வராந்தாவில் நின்று அந்த இதழைப் பிரித்த இருபத்தொன்பது வயதுக்காரியைக் கூப்பிட்டு, கேட்டாயா, கேட்டாயா என்று உலுக்க வேண்டும் போல இருந்தது. அடுப்படி வாசலில் டீத் தட்டோடு பிரமு அக்கா நின்றுகொண்டிருந்தார்கள். அந்தப் பத்திரிகையை அவர்களுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

"அந்தப் பிள்ள இப்பம் என்ன செய்யுது? எழுதுதா?"

"எழுதினா, சார்."

அவர் முகம் வாடிவிட்டது. மேடையில் வாடியது போலவே. "அடடா. செத்துப்போச்சா?"

"இல்ல சார். இருக்கா."

"இருக்காளா?" நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆசிரியர் அறையில் எங்களையெல்லாம் நடுங்க வைத்த அதே குரல் வந்துவிட்டது. "இருக்கவள ஏன் எழுதினான்னு சொல்லுதீங்க? யாரு அவள எழுத வேண்டாம்னு சொன்னது?"

இந்தக் கேள்விக்கான பதில் இத்தனை வருடமாக என் நாக்கு நுனியிலேயே இருந்தது. நீங்கதான் சார். இரண்டே சொல். வாயைத் திறந்தேன், வரவில்லை. அன்றைக்கு அவர் ஒன்றரைப் பக்கம் எழுதினார். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு நாளையும் யார் எழுதாமல் விட்டது?

அக்கா தட்டைக் கீழே வைக்காமல் நின்றார்கள். அவர் பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.